பெத்த நைனா காலமானார்

திருத்தணி
6-1-1985

அன்பு மகள் பத்மாவுக்கு நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் மலைமேல் இருக்கிறவர் தயவில் சுகம். பிலாயில் குளிர் அதிகம் என்று ரேடியோவில் சொன்னார்கள். நீயும் மாப்பிள்ளை நாகேந்திரனும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று உடனே ஒரு வரி போடவும்.

இங்கே ஒரு வேடிக்கை. வருகிற ஏப்ரல் முதல் தேதியோடு நம் ‘தணிகைத் தூது’ மாலை நாளிதழுக்கு இருபத்தைந்து வயசு முடிகிறது. முதலாளி சிவப்பிரகாசம் வெள்ளி விழா மலர் போடுகிறார். அதில் பத்திரிகையின் வரலாறு வர வேண்டுமாம். எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் மெட்ராஸ் பத்திரிகைகளுக்குப் போய்விட்டார்கள். ஆபீசில் மிச்சம் இருந்தது அச்சு மிஷினும் நானும்தான். மிஷினுக்கு எழுத வராது.

“யோவ் துளசிங்கம், மொத நாள்லருந்து இங்கயே குந்திகினு புரூஃப் பாக்கற. உனுக்குத் தெரியாதது இன்னா கீது? நீயே எழுது” என்றார்.

“நான் எட்டாங்கிளாஸுங்க.”

“எட்டாங்கிளாஸ ரெண்டு வாட்டி படிச்சன்னு நீதானே சொன்ன? ஒம்போதாங்கிளாஸ்னு வெச்சிக்கோ.”

இப்படியாக ஒரே நாளில் எனக்கு ஒரு வகுப்பு கூடிவிட்டது. நாலு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி ஆந்திராவை விட்டு மெட்ராஸ் ராஜ்யத்தில் சேர்ந்தது. அன்றைக்கே நம் முதல் இதழ். ஐந்நூறு பிரதி. ‘இன்று முதல் நாம் தமிழ்நாட்டார்’ என்று கொட்டை எழுத்து. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு, “இன்னாய்யா, காசு குடுத்து வேற ஏப்ரல் ஃபூல் ஆவணுமா?” என்று போய்விட்டார். இதெல்லாம் எழுதலாமா, கூடாதா? நீ பி.ஏ. படித்தவள், பார்த்துச் சொல்லு.

உன் அம்மா பாப்பாவுக்குக் காதில் பஞ்சு வைக்கச் சொல்கிறாள்.

ஆசீர்வாதங்களுடன் நைனா
துளசிங்கம்


பிலாய்
19-1-1985

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும் பத்மாவின் வணக்கம். நாங்கள் மூவரும் நலம். பாப்பா பஞ்சைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லவும்.

நாலு பக்கத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். “மாமா நேர்ல பேசற மாதிரியே இருக்கே” என்று சிரித்தார். ஏப்ரல் ஃபூல் கட்டாயம் இருக்கட்டும். படித் திருவிழா அன்றைக்கு 365 படி என்பது 36 படி என்று அச்சாகி, “மலை எப்ப எறங்கிச்சி?” என்று ஜனங்கள் ஆபீசுக்கு வந்தார்களே, அதையும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, உயிரோடு இருந்த பள்ளிப்பட்டு பங்காருவுக்குச் சாவுச் செய்தி போட்ட கதையை விட்டுவிடாதீர்கள். ஆபீசில் கம்போசிடராக இருந்தபோது கஜபதி சித்தப்பா அடித்த அந்தக் கூத்தை நான் இங்கே காலனி முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

சித்தப்பாவுக்கு விழாவுக்கு அழைப்பு உண்டுதானே? தினம் மத்தியானம் நம் வீட்டில் சாப்பிட்ட மனுஷர் பள்ளிப்பட்டில் அச்சகம் வைத்த பிறகு ஒரு தரம்கூட வரவில்லையே.

இப்படிக்கு
உங்கள் மகள் பத்மா


திருத்தணி
3-2-1985

அன்பு மகள் பத்மாவுக்கு நைனா எழுதுவது. உன் கடிதம் கண்டோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. எனக்குப் புதுக் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு பழைய இதழ்களைப் புரட்டினால் என் தவறுகள் இன்னும் பெரிதாகத் தெரிகின்றன.

பங்காரு கதையை இப்படி எழுதியிருக்கிறேன்:

‘1971-ஆம் வருஷம் பள்ளிப்பட்டிலிருந்து நம் அலுவலகத்துக்கு ஒரு துண்டுச்சீட்டு வந்தது. “எங்க பெத்த நைனா நேற்று காலமானார். இப்படிக்கு பங்காரு மகன்கள் நாகராஜன், சடகோபன்” என்று அதில் இருந்தது. அவசரத்தில் எழுதியதால் இறந்தவர் பெயர் இல்லை. தெலுங்கில் பெத்த நைனா என்றால் பெரியப்பா. தமிழில் எழுதினால் பெற்ற அப்பாவும் அதே பெத்த நைனாதான். இதனால் குழப்பம் உண்டாகி, செய்தி திருத்தப்பட்டு, “எங்களைப் பெற்றெடுத்த தந்தை பங்காரு காலமானார்” என்று வெளியாகிவிட்டது. அண்ணனுக்குக் காரியம் செய்துகொண்டிருந்த பங்காரு, தமக்கு மாலை வருவதைப் பார்த்துத் திகைத்தார். மறுநாள் பத்திரிகையும் கையுமாக இருபது பேரோடு வந்து, “நான் செத்துட்டன்னு போட்டவன் எவன்? வெளிய வாடா, பொணம் வந்துகீது!” என்றார். கம்போசிடர் கஜபதி வேலையிலிருந்து விலக நேர்ந்தது.’

சரியாக இருக்கிறதா? விழா அழைப்பிதழ்களை முதலாளி பார்த்துக்கொள்கிறார்.

ஆசீர்வாதங்களுடன் நைனா
துளசிங்கம்


பிலாய்
14-2-1985

அன்புள்ள நைனாவுக்கு வணக்கம். எல்லோரும் சுகம். அம்மா முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விட வேண்டாம்.

“பொணம் வந்துகீது” என்ற இடத்தில் அவர் காப்பியைச் சிந்திவிட்டார். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘செய்தி திருத்தப்பட்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாரால்? சின்ன வயசில் என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போய் நீங்கள்தானே சொன்னீர்கள், கம்போசிடர் வேலை சீட்டில் இருப்பதை அப்படியே எழுத்துக் கோர்ப்பது, திருத்துகிற பேனா நைனா கையில் இருக்கிறது என்று?

இத்தனை வருஷம் சித்தப்பா பெயரைச் சொல்லிச் சிரித்தவள் என்பதால் கேட்கிறேன்.

இப்படிக்கு
பத்மா


திருத்தணி
6-3-1985

அன்புள்ள பத்மாவுக்கு அம்மா ஆசீர்வாதம். உன் நைனா பதில் போடவில்லை என்று கவலைப்படாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. சோறு நன்றாகவே சாப்பிடுகிறார். எழுதுகிறார், கிழிக்கிறார். அடுப்புப் பற்றவைக்க எனக்குக் காகிதப் பஞ்சமே இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய வேட்டி சட்டையை இத்தனை வருஷமாகத் துவைக்கிறவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார். இருக்கட்டும். பாப்பா நடக்கிறாளா?

அன்னம்மாள்


திருத்தணி
12-3-1985

அன்பு மகள் பத்மாவுக்கு. எல்லோரும் சுகம், நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

திருத்தியது நான்தான்.

கஜபதி சீட்டில் இருந்தபடியே கோர்த்துக் கொடுத்தான். தெலுங்கு வார்த்தை ஒன்றும் பத்திரிகையில் தலைகாட்டக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. எனக்கோ பெத்த என்பது கொச்சையாகப் பட்டது. ‘பெற்றெடுத்த’ என்று சுத்தமாக்கினேன். பெயர் இல்லாமல் சாவுச் செய்தியா என்று யோசித்தேன். பங்காரு மகன்கள் என்றால் தந்தை பங்காருதானே? கணக்கு அவ்வளவு சரியாக வந்தது. அதையும் சேர்த்தேன். நைனா நைனா என்று நீ கூப்பிடுவதை நாள் முழுக்கக் கேட்கிறவனுக்கு, பெத்த நைனா யார் என்று அந்த நேரம் உறைக்கவில்லை.

பங்காரு கூச்சல் போட்டுப் போன பிறகு முதலாளி, “யார்யா இத்தக் கோத்தது?” என்றார். “நான்தாங்க” என்றான் கஜபதி. அவர் கேட்டது கோர்த்தவனை. திருத்தியவனை யாரும் கேட்கவில்லை. நான் மை டப்பா பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்தேன், பத்மா. கொட்டாவி விட்டவன் மாதிரி மூடிக்கொண்டேன். “நாளைலருந்து வராத” என்று அவனிடம் சொன்னார். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனான். வீட்டில் உங்களிடம் கஜபதி தவறு செய்துவிட்டான் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சிரித்ததால் நீங்கள் நம்பினீர்கள்.

அவன் வராததால் நானும் போகவில்லை. பள்ளிப்பட்டு வழியாக எத்தனையோ தரம் பஸ்ஸில் போயிருக்கிறேன், அவன் அச்சகம் வரும்போது எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்ப்பேன்.

வரலாற்றில் இப்போது உண்மையை எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “பதினாலு வருஷம் கழிச்சி இன்னாத்துக்குய்யா இது? அவனும் பொழச்சிகினான், நீயும் பொழச்சிகின. மலரு சந்தோசத்துக்குப் போடறது. எடுத்துடு” என்றார்.

எடுத்துவிட்டால் அவன் மேல் இரண்டாம் தரம் பழி போட்டதாகும், அதுவும் என் பெயரைக் கீழே அச்சடித்து. என்ன செய்யட்டும்? மலர் அச்சுக்குப் போக இன்னும் பதினைந்து நாள்தான்.

நைனா


பிலாய்
18-3-1985

அன்புள்ள நைனாவுக்கு. நலம்.

முதலாளிக்கு முன்னால் சித்தப்பாவுக்கு எழுதுங்கள். மலர் அப்புறம். மன்னிப்புக் கேட்கிற கடிதத்தில் ‘கேட்கப்பட்டது’ என்று எழுதிவிடாதீர்கள்.

பாப்பா நடக்கிறாள், நேராக இல்லை. அம்மாவிடம் சொல்லுங்கள்.

பத்மா


திருத்தணி
23-3-1985

தம்பி கஜபதிக்குத் துளசிங்கம் எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். அண்ணி உன்னை விசாரிக்கிறாள் என்று எழுத வந்தேன். அவளுக்கு நான் எழுதுவதே தெரியாது, ஆகவே அடித்துவிட்டேன்.

பங்காரு செய்தியைத் திருத்தியவன் நான். உன்னை அனுப்பும்போது வாயைத் திறக்காதவனும் நான். உனக்குத் தெரியாததை ஒன்றும் எழுதவில்லை. ஆனால் என் கையால் எழுதி உனக்கு அனுப்பியதே இல்லை, அதனால் எழுதுகிறேன். வெள்ளி விழா மலரில் இதைப் போட நினைக்கிறேன். முதலாளி வேண்டாம் என்கிறார். நீ என்ன சொல்கிறாய்? உன் பெயர் சம்பந்தப்பட்டது, நீ சொல்வதுதான்.

உன் அண்ணன் என்று போடலாமா என்று தெரியவில்லை.
துளசிங்கம்


பள்ளிப்பட்டு
27-3-1985

அண்ணாவுக்குக் கஜபதியின் நமஸ்காரம். தாராளமாகப் போடலாம். இங்கே என் சம்சாரமும் இரண்டு பெண்களும் சுகம். அண்ணிக்கு என் வணக்கம், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். உங்கள் வழக்கப்படி ஒரு தப்பு இருக்கிறது. எனக்குத் தெரியாததை ஒன்றும் எழுதவில்லை என்கிறீர்கள், சரி. உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது.

நான் பள்ளிப்பட்டுக்காரன். வீட்டில் தெலுங்கு. பெத்த நைனா யார் என்று எனக்குத் தெரியாதா? உங்கள் திருத்தத்தைப் பார்த்ததுமே தப்பு என்று புரிந்தது. ஆனால் அதற்கு முந்தின நாள் நீங்கள் என் புரூஃபைத் தூக்கிப் பிடித்து, “டேய் இது தமிளா தெலுங்காடா? கைல தமிள் கோத்துகினு வாய்ல தெலுங்கு மென்னுகினு இருந்தா இப்பிடித்தான்” என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஆகவே மறுநாள், ‘போடு போடு, தமிழ்ப் புலவர் போடட்டும்’ என்று நீங்கள் எழுதினதை அப்படியே கோர்த்தேன். ஒரு டீ குடித்துவிட்டு வந்து சொல்லலாம் என்றுதான் இருந்தேன். திரும்பி வந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நூறு பிரதி விழுந்திருக்கும். நிறுத்தச் சொல்ல நாக்கு எழவில்லை.

முதலாளி கேட்டபோது நான்தான் என்றது தியாகம் இல்லை அண்ணா. பாதி என்னுடையது. அதனால்தான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் போனேன். நீங்கள் பஸ்ஸில் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வதை நான் இங்கே மிஷின் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை.

பங்காருவுக்கு எண்பத்திரண்டு. கல் மாதிரி இருக்கிறார். நான் அச்சகம் வைத்ததும் முதல் ஆளாக வந்து, “என்ன சாவடிச்ச கையி நீதானடா? என் பேரன் கல்யாணப் பத்திரிகய நீயே போடு. எனுக்கு ஆயுசு கெட்டியா கெடக்கும்” என்றார். அவர் வீட்டு விசேஷம் எல்லாம் இன்று வரை என் அச்சகம்தான்.

மலரில் போடுங்கள். பாதியை மட்டும் போடாதீர்கள். சனிக்கிழமை வருகிறேன். முதலாளியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் தம்பி
கஜபதி


திருத்தணி
4-4-1985

அன்பு மகள் பத்மாவுக்கு நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். எப்படிச் சௌக்கியமானோம் என்பதைத்தான் எழுதப் போகிறேன். பாப்பா நேராக நடக்க ஆரம்பித்தாளா? கஜபதி கடிதத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன், முதலில் அதைப் படித்துவிட்டு இங்கே வா.

சனிக்கிழமை காலை கஜபதி ஆபீசுக்கு வந்தான். தலை முழுக்க நரை. நான் எழுந்து நின்றேன், அவனும் நின்றான். அவன் நேராக முதலாளி முன்னால் போய், “நானும் அண்ணனும் சேந்து செஞ்ச தப்புங்க அது. ரெண்டு பேர் பேரயும் போடுங்க. இல்லாங்காட்டி அந்தக் கதையே வேணாம்” என்றான். முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார். “பங்காரு கதை இல்லாம வரலாறா? அத்த விட்டா நம்ம பத்திரிகைல இன்னாய்யா வரலாறு கீது?” என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அந்தப் பகுதி மட்டும் இன்னும் கோர்க்கவில்லை. இருந்த கம்போசிடர்கள் எல்லோரும் விளம்பரங்களில் முழுகியிருந்தார்கள். கஜபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுத்துப் பெட்டி முன்னால் நின்றுவிட்டான். நான் எழுதியிருந்ததோ பத்து தரம் அடித்துத் திருத்தியது, எனக்கே புரியவில்லை. அதனால் நான் வாயால் படிக்கப் படிக்க, அவன் காதால் கேட்டுக் கோர்த்தான். புரூஃப் எடுத்து என்னிடம் நீட்டினான். கஜபதி கோர்த்ததில் இனிமேல் ஒரு எழுத்தைத் தொட மாட்டேன் என்று தீர்மானம் செய்திருந்தேன். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். இருபத்தைந்து வருஷத்தில் நான் திருத்தாமல் விட்ட முதல் புரூஃப் அது.

திங்கட்கிழமை விழா. பெரிய மனிதர்கள் மேடையில். ஆயிரம் மலர் அடுக்கியிருந்தது. பங்காரு மகன்கள் தோளில் கை போட்டுக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். பேரனிடம் மலரைக் கொடுத்து, என் பகுதியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். அவன் படித்தான்:

‘1971-இல் நேர்ந்த அந்தப் பிள்ளை என்னுடையது. அதில் கஜபதிக்கும் பாதி பங்கு உண்டு. ஆனால் வெளியே சொல்லாமல் பதினான்கு வருஷம் அவரையே சுமக்க விட்டேன்.’

கஜபதிக்கு வாயால் படித்தபோது பிழை என்று சொன்னதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தைந்து வருஷம் தமிழ் திருத்தியவனுக்கு ழகரம் நாக்கில் ஏறாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் அன்றைக்குத் தெரிந்தது. பங்காரு எழுந்து நின்று, “ஏய்யா, அன்னிக்கு என்ன சாவடிச்சீங்க, சரி. அதே வருசம் புள்ள வேற பெத்துகினீங்களா?” என்றார். மேடையில் இருந்தவர் மைக்கிலேயே சிரித்துவிட்டார். முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு, “நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு சேந்தா என் பத்திரிக தாங்காதுடா சாமி” என்றார். கஜபதி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அவனும் நானும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கடைசியில் அது சிரிப்புதானா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் இதழில் முதல் பக்கத்திலேயே ‘பிள்ளை என்றிருப்பதைப் பிழை என்று திருத்திப் படிக்கவும்’ என்று கட்டம் கட்டிப் போட்டோம். அன்றைக்கு ஒரு பிரதி மிஞ்சவில்லை.

அதற்குள் மலர் நம் வீட்டுக்குப் போய்விட்டது. விழா முடிந்து வந்தால் உன் அம்மா கையில் மலரோடு வாசலில் நிற்கிறாள். நான் சாட்சிக்குக் கஜபதியை இழுத்து வந்திருந்தேன். அவன் பதினாலு வருஷத்துக்குப் பிறகு நம் வாசலில் செருப்பைக் கழற்றினான்.

“வா தம்பி. சோறு அப்பறம். மொதல்ல அந்தப் புள்ள யாருன்னு சொல்லு.”

“அண்ணி, அது புள்ள இல்லீங்க. பிளை.”

“அதான், எந்தப் புள்ள?”

“பிளைங்க அண்ணி, பிளை!”

“ரெண்டு பேரும் கூட்டா? ஆங், சொல்லுங்க.”

நானும் சொல்லிப் பார்த்தேன். எனக்கும் பிளைதான் வந்தது. கடைசியில் கஜபதி என் பையிலிருந்த பேனாவை எடுத்து, மலரில் அந்த வார்த்தையை அடித்து, மேலே சரியாக எழுதி அவளிடம் கொடுத்தான். அவள் என் புதுக் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தாள். உள்ளே போய் இரண்டு இலை போட்டாள்.

உங்கள் மூவருக்கும் ஆசீர்வாதங்கள்.

உன் நைனா
துளசிங்கம்

இதில் உள்ள எழுத்துத் தவறுகளைக் கஜபதி பார்த்துவிட்டான். அவனுக்கு இப்போது எதிரே உட்கார்ந்து மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள் உன் அம்மா.